ஒரு லீற்றர் டீசலுக்கு எத்தனை யூனிற்?

கோயில் திருவிழாக்களுக்கு ஜெனரேற்றர் வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். டீசல் காசு யார் தலையில் என்ற பேச்சு வந்தால் இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

வேண்டியது இரண்டு: வெளியே போகும் வயரில் பூட்டிய யூனிற் மீற்றர், அளவுக்கோடு போட்ட ஒரு கான். தாங்கியை வாய்முட்ட நிரப்பி, மீற்றரைக் குறித்துக்கொண்டு, வழக்கமான லோட்டில் இரண்டு மணித்தியாலம் ஓட விடுங்கள். நிறுத்தி, சூடு ஆறியபின் கானால் அளந்து மறுபடி வாய்முட்ட ஊற்றுங்கள். ஊற்றியதுதான் மெசின் குடித்தது. தாங்கிக்குள் தடி விட்டுப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். வல்லிபுரக் கோயில் மணலில் ஒருபக்கச் சில்லு புதைந்ததைக் கவனிக்காமல் தடியை நம்பினேன். கணக்கு நாலு லீற்றர் பிழைத்தது. மெசின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

என் 20 கேவிஏ மெசின் (கேவிஏ என்பது மெசினின் கொள்ளளவு) 6 லீற்றருக்கு 18 யூனிற் தந்தது. லீற்றருக்கு 3. ஒரு லீற்றர் டீசலின் வெப்பம் ஏறத்தாழ 36 மெகாஜூல், ஒரு யூனிற் 3.6 மெகாஜூல். ஆக, லீற்றருக்குள் 10 யூனிற் இருக்க, கையில் வந்தது 3; வினைத்திறன் 30 வீதம். மிச்சம் புகையோடும் ரேடியேற்றர் சூட்டோடும் போய்விட்டது. சுன்னாகம் மின்நிலையத்தில் எரிகிற உலை எண்ணெய்க்கு இந்தப் பத்து பொருந்தாது. அதைக் கிலோவில் எடுத்து, கிலோவுக்கு ஏறத்தாழ 11 யூனிற் என்று போட வேண்டும்.

சரி, ரியூப் லைற் போய் எல்ஈடி வந்த பிறகு அதே மெசினை அளந்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு 4 யூனிற்தான், ஆனால் டீசல் 3.2 லீற்றர்! லோட் கால்வாசிக்கும் கீழே இறங்கியும் டீசல் பாதிதான் குறைந்தது. லீற்றருக்கு 1.25 யூனிற், வினைத்திறன் 12.5 வீதம். பல்ப் எரிந்தாலும் எரியாவிட்டாலும் எஞ்சின் தன்னையும் தன் விசிறியையும் சுற்ற டீசல் குடிக்கத்தான் செய்யும். இப்படிச் சும்மா ஓடுகிற மெசினின் சைலன்சர் வாயில் கறுப்பாக எண்ணெய் கசிவதையும் பார்க்கலாம்.

கேவிஏயை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட். 20 கேவிஏ என்றால் 16. அதில் பாதியாவது லோட் இருக்கிறதா என்று பார்த்து மெசினைத் தெரியுங்கள். 2 கிலோவாட் வேலைக்கு நான் இப்போது 5 கேவிஏ மெசினைத்தான் ஏற்றிப் போகிறேன். கோயில் மனேஜர் அதைப் பார்த்ததும் கேட்பார்: “இது காணுமே தம்பி?”