மெகா தொடரில் நேர்மையான கதாநாயகிக்கு தர்மசங்கடம் எழுதுவது எப்படி?

நேர்மையான கதாநாயகியை வைத்து தொடர் எழுதினால், ஐம்பது எபிசோடு தாண்டுவதற்குள் ஒரு சிக்கல் வந்துவிடும். இவள் சரியானதைத்தான் செய்வாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே வில்லியின் சதியைப் பெரிதாக்குவார்கள்: பாலில் விஷம், ஆள் கடத்தல், போலிப் பத்திரம். அதில் வருவது தப்பிப்பாளா என்ற பதற்றம் மட்டும். என்ன முடிவெடுப்பாள் என்ற பதற்றம் வேண்டுமானால், அவள் எந்தப் பக்கம் போனாலும் ஒரு நல்ல மனிதர் அடிபட வேண்டும்.

2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடிய 'கோலங்கள்' தொடரில் கதாநாயகி அபிக்கு எதிரியாக நின்றவன் அவளுடைய அப்பாவுக்கே இன்னொரு மனைவியிடம் பிறந்த மகன். எதிரி ரத்த உறவாக இருந்தால் நேர்மைக்கு விலை தானாக ஏறும்.

முதலில் கொள்கையை ஒரே வரியில், செயலாக எழுதுங்கள். 'நேர்மையானவள்' என்று எழுதி வைத்தால் வசனம் எழுதுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'தெரிந்தே பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டாள்' என்று எழுதினால் காட்சி பிறக்கும். பெரிய ட்ராக், அதாவது தொடருக்குள் வரும் ஒரு கிளைக்கதை, தொடங்கும் முன்பே, சின்னச் சின்ன நஷ்டத்தோடு இரண்டு தடவையாவது அதைக் காட்டிவிடுங்கள்.

ஒரு ட்ராக்கைப் போட்டுப் பார்ப்போம். ஈரோடு பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம். தேன்மொழி அங்கே நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறாள். பாக்கெட்டுகளைப் பிரித்துச் சரிபார்க்கும்போது, தன் கொழுந்தன் அடகு வைத்த 12 பவுன் கவரிங் என்று தெரிகிறது. 'உங்க வீட்டுப் பையன்தானே' என்று உரசிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர் அறுபதைத் தாண்டிய மதிப்பீட்டாளர். கடன் பணம் நாத்தனார் கல்யாணத்துக்குப் போய்விட்டது. முகூர்த்தம் ஞாயிறு. தணிக்கை அதற்கு இரண்டு நாள் முன்னால். சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் பெரியவர் மாட்டுவார். கொழுந்தன் இதைத் தங்கைக்காகத்தான் செய்தான், குடித்து அழிக்கவில்லை. இதை விட்டுவிட்டால் எடை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்த வேலை, வெளியேறும் வழிகளை அடைப்பது. வீட்டில் பார்க்கிற அம்மாக்கள் எல்லா வழியையும் யோசிப்பார்கள். 'இவளே பணத்தைக் கட்டி மீட்டுடலாமே' என்பார்கள். அவள் நகை ஏற்கெனவே மாமனார் ஆபரேஷனுக்கு அடகில் இருக்க வேண்டும், அதையும் முப்பது எபிசோடுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும். அந்த வாரமே சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். 'புருஷன்கிட்ட சொல்லலாமே' என்பார்கள். சொல்லட்டும். 'கல்யாணம் முடியட்டும் தேனு' என்று அவன் கெஞ்சுவதில்தான் கதையே இறுகுகிறது. இந்த சீனுக்கு கணவராக நடிப்பவரின் கால்ஷீட்டை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். நேரில் கெஞ்ச வேண்டியவன் போனில் கெஞ்சினால் பாதி பலம் போய்விடும்.

உண்மை தெரிந்ததிலிருந்து முடிவு வரை ஐந்தாறு எபிசோடு போதும், அதாவது ஒரு வாரம். அரைமணி நேர ஸ்லாட்டில் விளம்பரம், முன்கதை போகக் கதைக்குக் கிடைப்பது 20 நிமிடம் சொச்சம், ஆறேழு சீன். பெரும்பாலான ட்ராக்குகள் கெடுவது இங்கேதான். சொல்ல வாயெடுக்கும்போது போன் அடிக்கும், யாராவது மயங்கி விழுவார்கள், இப்படியே நாற்பது எபிசோடு ஓடும். நேர்மையானவள் மேல் இருந்த மதிப்பு போய், 'இவ வாயைத் திறந்தாதான் என்ன?' என்ற எரிச்சல்தான் மிஞ்சும். அவள் மௌனத்தை விபத்துகள் நீட்டக் கூடாது. ஒவ்வொரு எபிசோடிலும் சொல்லாமல் இருக்கப் புதிய காரணம் வேண்டும், அதை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடு எபிசோடில் அவள் கொள்கையில் கீறல் விழட்டும். மதிப்பீட்டாளர் பேத்திக்கு வாங்கிய பலகாரத்தில் ஒரு பொட்டலத்தை இவள் மேஜையில் வைக்கிறார்.

'கணக்கெல்லாம் சரியா இருக்குதாம்மா?'

'இருக்குதுங்கய்யா.'

அவ்வளவுதான் வசனம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகிறார், பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. இந்த இடத்தில் மனசாட்சியை வாய்ஸ் ஓவரில் பேச வைக்காதீர்கள். இந்த வாரத்து வசனங்களில் 'நியாயம்', 'தர்மம்', 'மனசாட்சி' மூன்றையும் கதாநாயகி வாயிலிருந்து அடித்துவிடுங்கள். மற்றவர்கள் தாராளமாகச் சொல்லட்டும்.

முடிவை அவளே, சுயநினைவோடு எடுக்க வேண்டும். கதவோரம் ஒட்டுக்கேட்ட மாமியார் போட்டு உடைத்தால் வாரம் முழுக்க எழுதியது வீண். அதைவிட மோசமானது, அடுத்த வாரமே 'பாக்கெட்டை மாற்றியது வில்லி' என்று திருப்புவது. யாருமே தப்பு செய்யவில்லை என்றாகிவிடும், அவள் தேர்ந்தெடுத்ததும் இல்லை என்றாகிவிடும்.

அவள் உண்மையைச் சொன்னதன் விலை மூன்று வாரமாவது வீட்டுக்குள் தெரிய வேண்டும். மாமியார் கத்துவது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான், சீக்கிரம் கடந்துவிடுங்கள். 'அண்ணி, அண்ணி' என்று சுற்றிவந்த நாத்தனார், இவள் தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போகட்டும். மதிப்பீட்டாளரும் நன்றி சொல்லி ஆசீர்வதிக்க வேண்டியதில்லை. உரசிப் பார்க்காதது அவர் தப்பு, வேலை போகலாம்.

இத்தனையையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி இயக்குநருக்கும் வசனகர்த்தாவுக்கும் கொடுங்கள். எழுதுகிறவர் நடுவில் மாறினால், நூறு எபிசோடு கழித்து இதே தேன்மொழி யோசிக்காமல் ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுவாள்.

அடுத்த தர்மசங்கடத்துக்கு இரண்டு மாதமாவது இடைவெளி விடுங்கள். அது இதே கொள்கையின் மறுபக்கத்திலிருந்து வந்தால் நல்லது: வேலை போன மதிப்பீட்டாளர், பேத்தியின் படிப்புக் கடனுக்காக ஒரு பொய்ச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டு தேன்மொழியிடமே வரலாம்.