ஆற்றை ஒட்டிப் போகும் ரோட்டில் வண்டி ஓட்டுவது எப்படி?

ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே போகிற மாநில நெடுஞ்சாலையில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, ரோட்டைப் பார்க்கிற அளவுக்கு ஆற்றையும் பாருங்கள். போர்டு வைக்காத வளைவைக்கூட எதிர்க்கரை மரவரிசை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆறு திரும்பும் இடத்தில் ஓட்டத்தின் வேகமெல்லாம் வெளிக்கரையில்தான். அதை அரிக்கும்; உள்கரையில் மணலைச் சேர்க்கும். உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே மணல்திட்டு கிடந்தால் கவலை குறைவு. தண்ணீர் ரோட்டின் அடியிலேயே மோதிக்கொண்டு ஓடினால் தார் விளிம்பைக் கவனியுங்கள். ஆற்றுக்கு இணையாகப் பிறை மாதிரி நீள விரிசல் விட்டிருந்தால், கீழே மண் நகர ஆரம்பித்துவிட்டது. தடுப்புக்கற்கள் வரிசையாக ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். லோடு வண்டியை அங்கே நிறுத்தவே கூடாது. எதிரே பஸ் வந்தால் அகலமான இடமாகப் பார்த்து முன்னாடியே நின்றுகொள்ளுங்கள். வழிவிடுகிறேன் பேர்வழி என்று ஆற்றுப் பக்க மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். புல் முளைத்துக் கெட்டியாகத்தான் தெரியும். மழை பெய்த பிறகு ஒரு டயர் அழுந்தினால் போதும், வண்டி சாய்ந்துவிடும்.

மலைப் பக்கம் இன்னொரு தொல்லை. ரோட்டில் கிடக்கும் கல்லின் உடைந்த முகம் பாசியோ மண்ணோ இல்லாமல் பளிச்சென்று இருந்தால், விழுந்து அதிக நேரமாகவில்லை. அடுத்தது எப்போது வேண்டுமானாலும் வரலாம். இறங்கி நின்று போட்டோ எடுக்க வேண்டாம்.

தரைப்பாலத்துக்கு வருவோம். ஓடைகள் குறுக்கே வந்து ஆற்றில் சேரும் இடங்களில் இருக்கும். இங்கே வெயில் அடிக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். மலையில் பெய்த மழை கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் வெள்ளம் பின்னாலேயே வருகிறது. ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரை மிதக்க வைத்துத் தள்ளிவிடும். 60 சென்டிமீட்டர் என்றால் ஜீப்பு உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். கனமான வண்டிதானே என்று தைரியம் சொல்லிக்கொள்ள வேண்டாம். வண்டியின் உடம்பு ஒரு கன மீட்டர் தண்ணீரை விலக்கினால், சக்கரம் தரையில் அழுந்துகிற பாரத்தில் ஒரு டன் கழிந்துவிடும். கலங்கலுக்குக் கீழே பாலம் முழுசாக இருக்கிறதா, பாதி போய்விட்டதா என்றும் மேலே இருந்து தெரியாது. முன்னால் ஒருவன் போய்விட்டான் என்பதெல்லாம் கணக்கில் சேராது.

ஓரமாக நின்று, தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பாருங்கள். கல் முழுகினால் வண்டியைத் திருப்புங்கள். வெளியே தெரிந்துகொண்டே வந்தால் தண்ணீர் வடிகிறது. பாலம் முழுதாகக் கண்ணில் படும்வரை காத்திருங்கள். லேட்டாகப் போனால் எனக்கு ஏச்சு விழும், அவ்வளவுதானே.

விடியற்காலையில் பனிமூட்டம் பள்ளத்தில்தான் தேங்கும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் ராத்திரியெல்லாம் சரிவில் இறங்கி ஆற்று ஈரத்தோடு சேர்ந்துகொள்ளும். பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், டிம்மில் ஓட்டுங்கள். முடிந்தால் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம், எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மலை மறைப்பதால் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்பதைக் கிளம்பும்போதே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.