அலுமினிய ஆன்டெனாவைத் தேய்க்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து வருடம் மொட்டைமாடியில் நின்ற ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) யாகி ஆன்டெனாவை, அதாவது ஒரு தண்டில் குறுக்குக் குழாய்களை வரிசையாக வைத்த ஆன்டெனாவை, இறக்கினால், குழாய்கள் சாம்பல் பூத்துக் கிடக்கும். கிளாம்புகளைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். உடனே உப்புத்தாளை எடுத்து நுனி முதல் நுனி வரை தேய்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

அந்தச் சாம்பல் நிறத்தால் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். ரேடியோ அலைவரிசையில் மின்னோட்டம் அதற்கு அடியில், உலோகத்தின் மேல்தோலில் ஓடுகிறது: 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 22 மைக்ரான் ஆழத்துக்கு, 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 மைக்ரான். படலத்தைச் சுரண்டி எடுத்தாலும் நீங்கள் கையைத் துடைப்பதற்குள் திரும்ப வந்துவிடும். அடியில் இருக்கும் உலோகத்தைக் காப்பதும் அதுதான்.

ஆனால் இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்திலும், கோஆக்ஸ் (ரேடியோவிலிருந்து வரும் கேபிள்) வந்து சேரும் போல்ட்டின் அடியிலும் அது தடித்துவிட்டால்தான் வினை. காற்றடிக்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) முள் ஆடும். மழையில் ஓர் அளவு, வெயிலில் ஓர் அளவு காட்டும். ரிசீவரில் கரகரப்பு வரும். சில சமயம் அந்த மூட்டே ஒரு டையோடு (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போல வேலை செய்து, நீங்கள் அனுப்பும் சிக்னலைத் திரித்துப் பக்கத்து வீட்டு டிவியில் கொண்டுபோய்விடும். கையில் இருக்கும் நேரத்தை மூட்டுகளுக்குச் செலவிடுங்கள்.

கழற்றும்போது

அளவு எடுக்காமல் குழாய்களை உருவிவிடாதீர்கள். 14 மெகாஹெர்ட்ஸ் எலிமென்ட் (குறுக்குக் குழாய்) சுமார் 10 மீட்டர் நீளம். அதில் 1 செ.மீ. தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. 145 மெகாஹெர்ட்ஸில் எலிமென்ட் ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அங்கே அதே 1 செ.மீ. ஆன்டெனா ஒத்திசையும் அலைவெண்ணைக் கிட்டத்தட்ட 1.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளிவிடும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஹாம் அலைவரிசையில் அது முக்கால் பங்கு. மூட்டுக்கு வெளியே தெரியும் நீளத்தை ஒவ்வொரு துண்டுக்கும் நோட்டில் எழுதி வையுங்கள். மார்க்கர் கோட்டை மட்டும் நம்பினால் ஸ்பிரிட் பட்டதும் அழிந்துவிடும். பென்சிலால் கோடு போடவே கூடாது. பென்சிலில் இருப்பது கிராஃபைட்; ஈரம் சேர்ந்தால் அந்தக் கோட்டின் வழியாகவே அலுமினியம் அரிக்கப்படும். விமானப் பட்டறைகளில் அலுமினியத் தகட்டின் மேல் பென்சில் படக்கூடாது என்பது இதனால்தான்.

இறுகிப்போன மூட்டைச் சுத்தியலால் அடிப்பதும், கேஸ் டார்ச்சால் சுடுவதும் அடுத்த தவறு. 6061-டி6 போன்ற பதப்படுத்திய அலுமினியக் கலவைக் குழாய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானாலே வலிமை இழக்கத் தொடங்கும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. பார்க்க ஒன்றும் ஆகாத குழாய் அடுத்த புயல்காற்றில் அந்த இடத்தில் மடங்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள்; மறுநாள் வெளிக் குழாயின் மேல் கொதிநீர் ஊற்றி, இழுக்காமல் முறுக்கிக் கழற்றுங்கள்.

டிராப் (ஒரே எலிமென்ட் பல அலைவரிசைகளில் வேலை செய்ய நடுவே பொருத்தும் சுருள்) உள்ள ஆன்டெனா என்றால் டிராப்பைத் தண்ணீரில் முக்காதீர்கள். அதன் அடியில் இருக்கும் சிறு துளை நீர் வடிவதற்கானது. அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடவும் வேண்டாம்.

எதைக் கொண்டு தேய்ப்பது

பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நார் வேண்டாம். அதன் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, முதல் மழைக்கே துருப்புள்ளிகளாகி, சுற்றிலும் குழி பறிக்கும். பித்தளைப் பிரஷ் இன்னும் மோசம்: செம்பு கலந்த துகளும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஸ்காட்ச்-பிரைட் வகைப் பச்சை நார் போதும். பூத்தது கெட்டியாக இருந்தால், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்.

குத்துவிளக்குக்குப் போடும் புளியும் உப்பும் இங்கே ஆகாது. உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குழிகளை உண்டாக்கும். கடலோர ஊர்களில் ஆன்டெனா சீக்கிரம் பூப்பதும் இதே காரணத்தால்தான். காஸ்டிக் சோடா, அடுப்பு கிளீனர், பிளீச், கழிவறை ஆசிட் எதுவும் கூடாது. காஸ்டிக் ஊற்றியதும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. கரைந்துகொண்டிருப்பது குழாய், கிளம்புவது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு. அலுமினியத்தை வெளுக்கும் சில ஆசிட் கலவைகளில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டவுடன் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீர் பெரும்பாலான அழுக்கை எடுத்துவிடும். மிஞ்சிய வெள்ளைப் பூப்புக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி, 5 நிமிடத்தில் நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். பிளாஸ்டிக் இன்சுலேட்டர்களுக்குச் சோப்பு நீர் மட்டும். தின்னரும் அசிட்டோனும் பட்டால் பாலிகார்பனேட் வெடிப்பு விடும்.

மூட்டைச் செய்யும் முறை

உள் குழாயின் வெளிப்புறத்தையும் வெளிக் குழாயின் உட்புறத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் அது உலோகத்துக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு பச்சை நாரால் வெள்ளி போலத் தெரியும்வரை தேய்த்து, மீண்டும் துடைத்து, கையோடு ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவிச் சொருகுங்கள். நோஅலாக்ஸ், பெனெட்ராக்ஸ்-ஏ போன்றவை துத்தநாகத் துகள் கலந்தவை. கிடைக்காவிட்டால், மின்சாமான் கடையில் அலுமினியக் கேபிள் லக்குக்கு (கம்பி நுனியில் மாட்டும் வளைய இணைப்பு) தடவக் கொடுக்கும் பேஸ்ட்டைக் கேட்டு வாங்கலாம். செம்புத்தூள் கலந்த கிரீஸ் கூடாது. இன்று தேய்த்து வைத்து அடுத்த ஞாயிறு பூட்டலாம் என்றால் தேய்த்ததே வீண்.

அளவுக்கு மீறித் தேய்க்கவும் வேண்டாம். பல அமெரிக்க ஆன்டெனாக்களில் குழாய்ச் சுவர் 1.47 மி.மீ.; உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் 0.23 மி.மீ. முரட்டு உப்புத்தாள் அதை எளிதில் பெருக்கி மூட்டைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். அனோடைஸ் செய்த (மின்வழியில் தடித்த ஆக்சைடு ஏற்றிய) குழாய்க்கு மட்டும் விதிவிலக்கு: அந்தப் பூச்சு மின்காப்பு, மைக்ரான் கணக்கில் தடிமன் உள்ளது, தொடும் இடத்தில் முழுவதும் சுரண்டியாக வேண்டும், மற்ற இடத்தில் கைவைக்கவே கூடாது. கோஆக்ஸின் செம்புக் கம்பியை நேராக அலுமினியத்தில் முடுக்காமல், வெள்ளீயம் பூசிய லக், இடையில் ஸ்டெயின்லெஸ் வாஷர் என்று வையுங்கள்.

பூட்டியபின் மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்துக் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, மூட்டின் இரு பக்கமும் வையுங்கள். அளவு கூடினால் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

பளபளப்பு வேண்டுமென்றே இருந்தால்

அழகுக்காகச் செய்வது என்று தெரிந்தே செய்யுங்கள். அலுமினியத்துக்கான பாலிஷ் பேஸ்ட், பருத்தித் துணி, நீளவாக்கில் கையால் தேய்த்தல் போதும். கிரைண்டரில் பஃப் வீல் மாட்டினால் நுண்ணிய அலுமினியத் தூள் பறக்கும். மூடிய அறையில் ஒரு தீப்பொறி பட்டால் அது வெடிக்கக்கூடியது. மினுமினுப்பைக் காக்க உலோகத்தூள் கலந்த பெயின்ட் அடிக்காதீர்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவின் இழுப்பு ஆன்டெனா பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. அதற்கு ஈரத்துணியே போதும்.

ஏற்றும்போது

இறக்கவும் ஏற்றவும் முன் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, கோஆக்ஸைக் கழற்றி, ரொட்டேட்டரின் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) மின்சாரத்தையும் துண்டியுங்கள். டிரான்ஸ்மிட்டர் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும்போது எலிமென்ட் நுனியைத் தொட்டால் ஆழமாகச் சுடும். கோபுரத்தின் மேல் தொங்கிக்கொண்டு தேய்க்கும் வேலை வேண்டாம். கம்பமும் ஆன்டெனாவும் சேர்த்து முழு நீளத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதற்கப்பால் இன்னும் 3 மீட்டராவது தள்ளித்தான் மின்கம்பி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாத மாடியில் அந்தக் கம்பத்தை நிமிர்த்தவே கூடாது.