டச் ரக்பியில் எங்கள் தடுப்பு வரிசையைச் சரிசெய்தது

கிருஷ்ணகிரியில் எங்கள் டச் ரக்பி (touch rugby) டீமில் பாதிப் பேர் கபடி ஆடி வந்த பையன்கள், வேகத்துக்கும் துணிச்சலுக்கும் குறையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மேட்சிலும் யாராவது ஒருத்தர் பந்து வைத்திருப்பவரைத் தொட முன்னால் பாய்ந்துவிடுவார், அவர் விட்ட இடத்தில் எதிரணி புகுந்து எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து டச்டவுன் போட்டுவிடும், அதுதான் பாயிண்ட்.

இதில் மடக்கிப் பிடிக்கிற வேலையே கிடையாது, லேசாகத் தொட்டால் போதும். தொட்டதும் தடுக்கிற அணி மொத்தமும் 7 மீட்டர் பின்னால் போயாக வேண்டும். களத்தில் நாங்கள் 6 பேர்தான், மைதான அகலமோ 50 மீட்டர், ஒருத்தர் விலகினாலே பெரிய ஓட்டை.

அதனால் பந்தையே எடுக்காமல் 6 பேரும் ஒரே வரிசையாக முன்னால் போவது, நான் கத்தியதும் பின்வாங்குவது, மறுபடி ஏறுவது, முதலில் இதை மட்டுமே பழகினோம். ஓரத்தில் நிற்கிற தம்பி, "அண்ணா, நீங்க உள்ள நகருங்க, இவனை நான் பாத்துக்கறேன்" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் வரிசை உடையாமல் நின்றது. பேசாத டீமுக்கு இந்த ஆட்டம் வரவே வராது என்பேன்.

அப்புறம் பாஸ். முன்னால் வீசினால் பெனால்டி, எனவே துணைக்கு ஓடுகிறவர் பந்துக்கு இரண்டு எட்டு பின்தங்கியே வர வேண்டும். ஆறாவது தொடுதலில் பந்து எதிரணிக்குப் போய்விடும், தொடுதலுக்குப் பிறகு தரையில் வைத்த பந்தை எடுக்கிற ஹாஃப் (half) பந்தோடு தொடப்பட்டாலும் அப்படித்தான். அதனால் ஹாஃப் பந்தை எடுத்ததும் உடனே தள்ளிவிடப் பழக்கினோம்.