பாலிஷ் டிரம்மில் ஒளிந்திருந்த ஈயம்

ஈரோட்டில் விரலி மஞ்சள் வாங்கி, அரைத்து, ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன். போன வருடம் கப்பலேற்றும் முன் செய்த ஆய்வில் ஒரு லாட் மாட்டிக்கொண்டது: கிலோவுக்கு 6 மில்லிகிராம் ஈயம். நம் நாட்டில் மஞ்சளுக்கு 10 வரை அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ கிழங்கு வகை மசாலாக்களுக்கு வரம்பு 1.5 தான்.

பொடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு ஏற்கெனவே பார்த்திருந்தேன், சிவக்கவில்லை. அந்தச் சோதனை மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயத்தைத்தான் காட்டிக்கொடுக்கும், ஈயம் கலந்த மஞ்சள் நிறமியான லெட் குரோமேட்டை அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது.

அரைவை ஆலைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பிறகு நிதானமாகக் களத்து மஞ்சள், டிரம்மில் சுழற்றிப் பாலிஷ் போட்டது, அரைத்தது என மூன்று மாதிரிகளைத் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பினேன். களத்து மஞ்சள் சுத்தம். பாலிஷ் போட்டதிலேயே ஈயம் ஏறியிருந்தது. ஆலைக்காரர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பாலிஷ் டிரம் வைத்திருந்தவரோ, "ஏனுங்க, பளபளவென்று இருந்தால்தானே ஏலத்தில் விலை நிற்கும்?" என்றார். கடைசிச் சுற்றில் ஏதோ மஞ்சள் நிறப் பொடியைத் தூவியிருக்கிறார். அது என்ன பொடி என்று அவருக்கே தெரியவில்லை!

அந்த லாட்டை விற்கவில்லை, நஷ்டத்தை விழுங்கினேன். பழைய டிரம் ஒன்றை வாங்கி, நிறம் எதுவும் சேர்க்காமல் நானே பாலிஷ் போடுகிறேன். அடுத்த லாட்டில் ஈயம் 0.3. ஜெர்மனி வியாபாரி மட்டும் நிறம் மங்கல் என்று எழுதினார். மஞ்சளுக்கு இயற்கையாக நிறம் தரும் குர்குமினின் அளவு அறிக்கையை அனுப்பினேன்; வாங்கிக்கொண்டார்.