எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் தேட ஒரு ஏபிஐ எழுதும்போது

நான் பார்த்துக்கொள்ளும் தமிழ் அகராதி முழுக்க எக்ஸ்எம்எல்லாகத்தான் (தரவைப் பெயரிட்ட குறிச்சொற்களுக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் வடிவம்) இருக்கிறது. ஒரு தலைச்சொல்லுக்கு ஒரே பொருள், இன்னொன்றுக்குப் பதினைந்து. சில பொருள்களுக்குள் மேற்கோள், மேற்கோளுக்குள் நூற்பெயர், பாடல் எண். இதை அட்டவணைகளாக உடைப்பதைவிட பேஸ்எக்ஸ், எக்ஸிஸ்ட்-டிபி மாதிரியான தரவுத்தளத்தில் அப்படியே வைப்பதுதான் நல்லது. இணையதளம் செய்பவர், மொபைல் செயலி எழுதுபவர், அச்சுப்பக்கம் தயாரிப்பவர் எல்லோரும் அதற்குள் தேட வேண்டும். அவர்களுக்காக ஜாவாவில் ஒரு ஏபிஐ, அதாவது அவர்களுடைய நிரல்கள் தரவுத்தளத்தைக் கூப்பிடுவதற்கான இடைமுகம், எழுதுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, திரும்பி வருவது என்ன என்பதை. அட்டவணைத் தரவுத்தளங்களின் மொழியான எஸ்க்யூஎல் பழகிய கை உடனே வரிசையும் நெடுவரிசையும் கொண்ட அட்டவணையைத் தேடும். எக்ஸ்எம்எல்லில் தேடுவதற்கான மொழியான எக்ஸ்குவெரி தருவது அது இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் உருப்படிகளின் தொடர். அதில் எலிமெண்ட் (குறிச்சொல்லும் அதன் உள்ளடக்கமும்) இருக்கலாம், அட்ரிபியூட் (குறிச்சொல்லுக்குள் எழுதும் பண்பு, குவெரியில் @ போட்டுக் குறிப்பது) இருக்கலாம், வெறும் எண்ணோ ஸ்ட்ரிங்கோகூட இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு உருப்படியும் தான் எந்த வகை என்று சொல்லத் தெரிந்ததாக இருக்கட்டும். இதே வேலைக்கான பழைய பொது இடைமுகமான எக்ஸ்எம்எல்:டிபி ஏபிஐயில் முடிவுத் தொகுப்பிடம் மொத்தம் எத்தனை என்று கேட்கலாம். வசதிதான், ஆனால் அதற்குப் பதில் சொல்லவே பல நேரம் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டியிருக்கும். 2009இல் இறுதியான எக்ஸ்கியூஜே (ஜாவாவிலிருந்து எக்ஸ்குவெரி ஓட்டுவதற்கான ஏபிஐ) முன்னோக்கி மட்டும் நகரும் தொடரை இயல்பாக வைத்தது. நான் அந்தப் பக்கம். எண்ணிக்கை வேண்டுமென்றால் அதை குவெரியிலேயே கேட்கட்டும்.

இதோடு இரண்டு குறுக்குவழிகள் கொடுங்கள்: ‘எல்லாம்’, ‘ஒன்று மட்டும்’. இரண்டாவதைக் கூப்பிட்டு இரண்டு உருப்படி வந்தால் முதலாவதைப் பேசாமல் கொடுத்துவிடக் கூடாது, பிழை எழுப்ப வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் காலி என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

கணுவின் (எலிமெண்ட், அட்ரிபியூட் போன்ற ஒவ்வொரு முனையின்) ஆயுளையும் ஏபிஐயின் விளக்க ஆவணத்தில் எழுதிவிடுங்கள். சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக வரும் ‘பொருள்’ எலிமெண்ட் ஒரு நகல். அதிலிருந்து மேலே ஏறி அது எந்தப் ‘பதிவு’க்குள் இருந்தது என்று கேட்க முடியாது. தலைச்சொல்லும் வேண்டுமென்றால் குவெரியே இரண்டையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் சமரசமே வேண்டாம். குவெரியை ஸ்ட்ரிங்காக ஒட்டிச் சேர்ப்பவர் இப்படி எழுதுவார்:

//பதிவு[சொல் = '…']/பொருள்

புள்ளிகள் இருக்கும் இடத்தில் பயனர் தட்டச்சு செய்ததை வைப்பார். பயனர் தட்டச்சு செய்தது இது என்றால்?

க'] | //* | //பதிவு[சொல் = '

ஒட்டிப் பாருங்கள். இலக்கணப்படி சரியான எக்ஸ்பாத்தாகவே (எக்ஸ்குவெரிக்குள் இடத்தைக் காட்டும் பாதை மொழி) இருக்கும். தரவுத்தளத்தில் உள்ள அத்தனை எலிமெண்டும் வெளியே வரும். வெளியிடாத வரைவுப் பதிவுகளும் தொகுப்பாளர் குறிப்புகளும் உட்பட. மேற்கோள் குறியை வடிகட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குவெரி இப்படி இருக்கட்டும்:

//பதிவு[சொல் = $சொல்]/பொருள்

$சொல் வெளியிலிருந்து வரும் மாறி என்று குவெரியின் தலையில் அறிவித்துவிட்டு, மதிப்பைத் தனியாக பைண்ட் செய்யுங்கள், அதாவது குவெரியின் உரையில் கலக்காமல் மாறியோடு இணையுங்கள். பைண்ட் செய்யும்போது வகையையும் கேட்டு வாங்குங்கள். @பக்கம் > $பக்கம் என்ற ஒப்பீட்டில் ஸ்கீமா (எது எண், எது ஸ்ட்ரிங் என்று வகுக்கும் விதிகள்) இல்லாத தரவோடு $பக்கம் ஸ்ட்ரிங்காகப் போனால், 9ஆம் பக்கம் 10ஐவிடப் பெரியது என்று பதில் வரும். எண்ணாகப் போனால் ஒழுங்காக வரும்.

எக்ஸ்பாத்தே தெரியாதபடி மெத்தட் சங்கிலியால் மூடிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அந்தச் சங்கிலி எவ்வளவு வளர்ந்தாலும் மொழியின் ஒரு மூலையைத்தான் தொடும். குவெரிகளைத் தனிக் கோப்புகளில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும்படி செய்தால் போதும். அப்புறம் அவற்றைத் தனியாக ஓட்டிச் சோதிக்கவும் முடியும்.

பெயர்வெளி (நேம்ஸ்பேஸ், ஒரு எலிமெண்டின் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) பற்றி ஒரு வார்த்தை. ஆவணம் டிஇஐ (நூல்களை எக்ஸ்எம்எல்லில் குறியிடுவதற்கான பொது முறை) பெயர்வெளியில் இருந்து, குவெரி அதைச் சொல்லாவிட்டால் பிழை எதுவும் வராது, காலி முடிவுதான் வரும். முன்னொட்டுப் பட்டியலை இணைப்பைத் திறக்கும்போதே கொடுக்கும்படி வையுங்கள். ஆராய்ந்து பார்க்கும் நேரத்தில், எந்தப் பெயர்வெளியானாலும் சரி என்பதற்கு *:பதிவு என்று எழுதிக்கொள்ளலாம்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான். எக்ஸ்குவெரியின் இயல்பான வரிசைப்படுத்தல் பெரும்பாலும் யூனிகோட் எண் வரிசையையே பின்பற்றும். ஐந்து சொற்களைக் கொடுத்தால் இப்படி வரும்:

அறம், அலை, அளவு, அழகு, அவல்

அகராதியில் வர வேண்டியது இது:

அலை, அவல், அழகு, அளவு, அறம்

யூனிகோட் அட்டவணையில் ற என்பது ர-வுக்கு அடுத்தும், ன என்பது ந-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் அதே வரிசையில் வ-வுக்கு முன்னும் இருப்பதால் வரும் வினை இது. 2017இல் வந்த எக்ஸ்குவெரி 3.1 பதிப்பு, மொழியைக் குறிப்பிட்டு யூனிகோட் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பு) கேட்க வழி தருகிறது. அந்தக் கொலேஷனை தமிழுக்கென்று இணைப்பு நிலையிலேயே இயல்பாக அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு குவெரியிலும் ஒவ்வொருவரும் நினைவு வைத்து எழுத வேண்டும் என்றால் யாராவது ஒருவர் விட்டுவிடுவார். உங்கள் எஞ்சின் அதை ஆதரிக்கிறதா என்று மேலே உள்ள ஐந்து சொற்களைப் போட்டே பார்த்துவிடலாம்.

இன்னொன்று: ‘கொ’ என்ற எழுத்தை க-வும் ஒரே ஒகரக் குறியுமாகச் சேமிக்கலாம், க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறுவேறு. ‘கொடை’ அகராதியில் இருந்தும் தேடினால் கிடைக்காது. ஆவணத்தை உள்ளே ஏற்றும்போதும், பைண்ட் ஆகும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் மீதும், என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) மாற்றும் வேலையை ஏபிஐயே செய்யட்டும். பயனர் எந்தக் கீபோர்டில் அடித்தார் என்பது நம் கையில் இல்லை.

எழுதுவதை வாசிப்போடு கலக்காதீர்கள். தரவை மாற்றுவதற்கான நீட்சியான எக்ஸ்குவெரி அப்டேட்டில் மாற்றங்கள் குவெரி முடியும்போதுதான் நடக்கும்; அதே குவெரிக்குள் புதிய மதிப்பைப் படிக்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனி மெத்தட் இருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது, வாசிப்பு மட்டும் உரிமையுள்ள கணக்கை இணையதளத்துக்குக் கொடுக்கவும் முடியும்.

பிழைகளுக்கு எக்ஸ்குவெரியிலேயே பொதுவான குறியீடுகள் இருக்கின்றன. எக்ஸ்பிஎஸ்டி0003 என்றால் இலக்கணப் பிழை, எக்ஸ்பிஎஸ்டி0008 என்றால் அறிவிக்காத பெயர், எக்ஸ்பிடிஒய்0004 என்றால் வகை பொருந்தவில்லை. ‘குவெரி தோல்வி’ என்று ஒரே வரியில் இவற்றை விழுங்கிவிடாமல், குறியீடு, வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து, குவெரிக் கோப்பின் பெயர் நான்கையும் எக்ஸெப்ஷனில் தனித்தனிப் புலங்களாக வையுங்கள். பைண்ட் செய்த மதிப்புகளை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், அவை லாக் கோப்புக்குப் போய்ச் சேரும்.