கணக்கீட்டு மாறிகளும் தொடர்புடைய பதிவுகளின் இறக்குமதியும்: ஃபைல்மேக்கரில் ஒரு செய்முறை

பழைய கோப்பிலிருந்து வாடிக்கையாளர்களையும் அவர்களுடைய பில்களையும் வேறொரு ஃபைல்மேக்கர் (தரவுத்தள மென்பொருள்) கோப்புக்குள் இறக்குமதி செய்யும்போது வரிசைகள் அனைத்தும் வந்து சேர்ந்துவிடும். அவற்றுக்கு இடையிலான உறவு சரியாக வந்ததா என்பதை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கோப்பில் 57 என்ற எண் ஒருவரைக் குறித்திருக்க, புதிய கோப்பில் அதே 57 ஏற்கெனவே வேறொருவருக்கு உரியதாக இருந்தால், முன்னவரின் பில்கள் எல்லாம் பின்னவரின் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது. இதைத் தடுக்க மாறிகள், அதாவது ஒரு மதிப்பைப் பெயரிட்டுத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடங்கள், பெரிதும் உதவுகின்றன என்பதால் முதலில் அவற்றைப் பார்த்துவிடலாம்.

ஒரு சூத்திரத்துக்குள் மட்டும் வாழும் மாறிகளை லெட் என்ற செயற்கூறு உருவாக்குகிறது:

லெட் ( [ தொகை = அளவு * விலை ; கழிவு = தொகை * கழிவு_விகிதம் ; வரி = ( தொகை - கழிவு ) * வரி_விகிதம் ] ; தொகை - கழிவு + வரி )

அளவு 12, விலை 250, கழிவு 10 சதவீதம், வரி 5 சதவீதம் என்றால் தொகை 3000, கழிவு 300, வரி 135, விடை 2835. மாறிகள் இடமிருந்து வலமாகக் கணிக்கப்படுவதால், முன்னால் வந்ததைப் பின்னால் வருவது பயன்படுத்தலாம். வரிசையை மாற்றினால் விடை கெட்டுவிடும். மாறிக்குப் புலத்தின் (அட்டவணையின் ஒரு நெடுவரிசையின்) பெயரையே வைக்காமல் இருப்பது நல்லது. ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது எது என்று தெரியாமல் போகும்.

$ குறியுடன் தொடங்கும் மாறி, அதை உருவாக்கிய ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகளின் தொகுப்பு) முடியும்வரை இருக்கும். அந்த ஸ்கிரிப்ட் அழைக்கும் துணை ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, அழைக்கும்போதே பாராமீட்டராக (உடன் தரும் மதிப்பாக) அனுப்ப வேண்டும். $$ குறியுடையது கோப்பை மூடும்வரை இருக்கும், ஆனால் அந்தக் கோப்புக்குள் மட்டுமே. சேமிக்கப்படும் கணக்கீட்டுப் புலத்தில் $$ மாறியைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து: மாறியின் மதிப்பு மாறினாலும் புலம் தானாக மறுகணிப்புச் செய்யாமல் பழைய விடையையே காட்டிக்கொண்டிருக்கும்.

இனி இறக்குமதிக்கு வருவோம். முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வேறு யாரும் கோப்பைத் திறந்திராத நேரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிக்கையாளர் அட்டவணையில் 'பழைய எண்', 'தொகுதி' என்ற இரண்டு புலங்களையும், பில் அட்டவணையில் 'பழைய வாடிக்கையாளர் எண்', 'தொகுதி' என்ற இரண்டு புலங்களையும் சேர்த்து, பழைய எண்ணும் தொகுதியும் ஆகிய இரண்டுமே பொருந்தினால்தான் இணையும்படி ஒரு தனி உறவை அமைக்க வேண்டும். தொகுதி என்பது ஒரே இறக்குமதியில் வந்த பதிவுகளைக் காட்டும் அடையாளம். அது ஏன் என்றால், நாளை இன்னொரு கோப்பிலிருந்தும் 57 வரலாம். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் $தொகுதி என்ற மாறியில் அன்றைய தேதியையும் மூலக் கோப்பின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

பின்னர் வாடிக்கையாளர்களை இறக்குமதி செய்ய வேண்டும். மூலத்தின் எண்ணைப் 'பழைய எண்' புலத்துக்கு மட்டுமே பொருத்தி, புதிய கோப்பில் ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் முதன்மை எண் புலத்தைப் பொருத்தாமல் விட்டு, தானியங்கி உள்ளீட்டை அனுமதிக்கும் தேர்வை இயக்கினால், ஒவ்வொருவருக்கும் புதிய எண் கிடைக்கும். அந்தத் தேர்வை மறந்தால் முதன்மை எண் காலியாகவே நிற்கும். மூலக் கோப்பு திறந்திருந்தால் அங்கே தேடிப் பிரித்து வைத்த பதிவுகள் மட்டுமே வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இறக்குமதி முடிந்ததும், வந்த பதிவுகளே ஃபவுண்ட் செட்டாக (அப்போது தேர்ந்து நிற்கும் பதிவுக் கூட்டமாக) நிற்கும். ரிப்ளேஸ் கட்டளையால் அவை அனைத்திலும் $தொகுதியைப் பதித்துவிடலாம். ஆனால் அதற்கு முன், இறக்குமதிக் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே பிழை எண்ணை $பிழை என்ற மாறியில் பிடித்துவைக்க வேண்டும், ஏனெனில் அடுத்தடுத்த கட்டளைகள் அந்த எண்ணை மாற்றிவிடும். ஒருமுறை இந்த வரியை எழுதாமல் விட்டேன். இறக்குமதி பாதியில் ரத்தானது, ஃபவுண்ட் செட்டில் பழைய பதிவுகளே இருந்தன, ரிப்ளேஸ் அவற்றின் மேல் ஓடிவிட்டது. ரிப்ளேஸ் செய்ததைத் திரும்பப் பெற வழியில்லை. எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. $பிழை 0 அல்ல என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். பயனர் ரத்து செய்திருந்தால் அது 1 ஆக இருக்கும்.

பில்களையும் இதேபோல் இறக்குமதி செய்து, தொகுதியைப் பதித்த பின், புதிய வாடிக்கையாளர் எண் புலத்தில் ரிப்ளேஸ் மூலம், அந்தத் தனி உறவின் வழியே தெரியும் முதன்மை எண்ணை நிரப்ப வேண்டும். அடுத்து, அந்தத் தொகுதிக்குள் அந்தப் புலத்தில் = குறியை மட்டும் இட்டுத் தேடினால், காலியாக நிற்கும் பில்கள், அதாவது உரியவர் கிடைக்காதவை, வெளியே வரும். 401 என்ற பிழை எண் வந்தால் அப்படி ஒன்றும் இல்லை என்று பொருள்.

புதிதாக வடிவமைக்கும் கோப்புகளில் முதன்மை எண்ணுக்கு 36 எழுத்துகள் கொண்ட யூயூஐடியை (தனித்துவமாக உருவாக்கப்படும் அடையாளக் குறியை) பயன்படுத்துவதே மேல். எண் மோதல் என்ற பிரச்சினையே பெரும்பாலும் எழாது. எப்படியிருந்தாலும் 'பழைய எண்' புலங்களை உடனே நீக்கிவிட வேண்டாம்: ஏதோ ஒரு பில்லைக் குறித்துச் சந்தேகம் வரும் நாளில், மூலக் கோப்பில் அதைத் தேடிப் பிடிக்க அந்த எண்ணைத் தவிர வேறு பிடிமானம் இருக்காது.